கட்டைவிரலையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையில் ஸ்மார்ட்போன் இருக்கும்போது கேம் விளையாட மட்டும் தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்டு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிப் எவ்வளவு வேகம், திரை எவ்வளவு தெளிவு என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. விளையாடுகிறவரின் கட்டைவிரலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். செல்போன் கொடுத்த அடி பெரிய அடி. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2004-ல் கொண்டுவந்த டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவி 15 கோடிக்கும் மேல் விற்றது, 2011-ல் வந்த அதன் அடுத்த தலைமுறையான 3டிஎஸ் அதில் பாதியைக் கூட எட்டவில்லை. வெளிவந்து ஆறு மாதம் முடிவதற்குள் அமெரிக்காவில் அதன் விலையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வந்த சோனியின் கையடக்கக் கருவியான வீட்டாவின் தயாரிப்பு 2019-ல் நின்றே போனது. இந்த இரண்டு தலைமுறைகளுக்கு நடுவில்தான், 2008 ஜூலையில், ஐபோனுக்குச் செயலிகள் வாங்கும் ஆப் ஸ்டோர் திறந்தது. அடுத்த ஆண்டு ஆங்ரி பேர்ட்ஸ் என்ற கேம் வந்தது. விரலால் இழுத்து விட்டால் போதும், பட்டனே வேண்டாம். யாருக்காகவோ காத்திருக்கும் ஐந்து நிமிடத்துக்கு அது கச்சிதம், அந்த ஐந்து நிமிடம் இனி செல்போனுக்குத்தான் சொந்தம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஓடிக்கொண்டே தாவி, தாவும்போதே சுட வேண்டிய ஒரு கேமைத் தொடுதிரையில் விளையாடிப் பாருங்கள். கண்ணாடியில் மேடும் இல்லை, விளிம்பும் இல்லை, அதனால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பட்டனுக்கு வெளியே போயிருக்கும், நாம் அழுத்துவதாக நினைத்து அழுத்தினால் ஆள் பள்ளத்தில் விழுந்திருப்பான். போதாததற்கு இரண்டு கட்டைவிரல்களும் திரையில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும். 1982-ல் நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பே யோகோய் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்கக் கருவியில் கொண்டுவந்த அந்தக் கூட்டல் குறி வடிவப் பட்டன் தீர்த்து வைத்த பிரச்சினை இது! குனிந்து பார்க்காமலே எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியும். நாற்பது வருஷம் கழிந்தும் புதிய கருவிகளில் அதைப் பார்க்கிறோம் என்றால் காரணம் பழம்பாசம் மட்டுமல்ல.

போனோடு பட்டனைச் சேர்த்தால் போயிற்று என்பார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 2003-ல் நோக்கியா என்-கேஜ் வந்தது, கேம் கார்டை மாற்ற பேட்டரியையே கழற்ற வேண்டியிருந்தது. 2011-ல் பட்டன் பலகை வெளியே நழுவி வரும் எக்ஸ்பீரியா பிளே போன் வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. இப்போது போனின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன, நானும் ஒன்று வைத்திருக்கிறேன், பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேம் செய்கிறவர் எல்லோரிடமும் எது நிச்சயம் இருக்குமோ அதை நம்பித்தான் செய்வார், செல்போனில் நிச்சயம் இருப்பது ஒரு கண்ணாடி மட்டும்தான். அதற்கேற்ற கேம்கள்தான் பெரும்பாலும் வருகின்றன.

அப்புறம் பணம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். 2016 டிசம்பரில் நின்டெண்டோவின் செல்போன் கேமான சூப்பர் மாரியோ ரன் வந்தபோது ஒரே தடவை பணம் கட்டி முழு கேமையும் விளையாடலாம் என்று வைத்தார்கள். எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நின்டெண்டோவே பிறகு சொன்னது. இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு துளித்துளியாகக் கறக்கும் முறைதான் செல்போனில் வென்றது, அந்த முறை கேமின் உடம்பையே மாற்றிவிடுகிறது. என் தங்கை மகன் ஒரு கேமில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தான், திடீரென்று நான்கு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் பணம் கட்டு என்று வந்தது. பத்து வயதுப் பையன் அவன். திறமையால் தாண்ட முடியாத ஒரு சுவரை வேண்டுமென்றே கட்டி அவன் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

கையடக்கக் கருவிகளிலும் குறை உண்டு. 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள், அதில் மட்டுமே கிடைத்த கேம்களை இனி வாங்க வழியில்லை. செல்போனில் இன்னும் மோசம்: 2017-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, பழைய வகைச் சிப்களுக்காக எழுதப்பட்ட 32-பிட் செயலிகள் எல்லாம் ஒரேயடியாக இயங்காமல் போயின, காசு கொடுத்து வாங்கிய கேம்களும் அதில் அடக்கம். ஆனால் 1989-ல் வந்த நின்டெண்டோவின் கேம் பாய் கருவியில் கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகினால் இன்றும் டெட்ரிஸ் ஓடும்.

தனிக் கருவியின் காலம் முடிந்துவிட்டது என்று கட்டுரை சொல்கிறது. 2017 மார்ச்சில், எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட காலத்தில், நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவி வந்து 15 கோடிக்கும் மேல் விற்றது. அதை டிவியிலும் மாட்டலாம் என்பது ஒரு காரணம், சரி. ஆனால் 2022-ல் ஸ்டீம் டெக், 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 என்று கையடக்கக் கருவிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் செல்போன் கேம்களைப் பற்றி எழுதும்போது, ஒரே தடவை பணம் கட்டினால் போதுமா, உள்ளே போன பிறகும் கேட்பார்களா, இணையம் இல்லாமல் ஓடுமா, கன்ட்ரோலரில் விளையாட முடியுமா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் போனைக் கொடுக்கும் பெற்றோருக்கு அந்த நான்கு வரிகள் மிகவும் தேவை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்