வாசல் தகரப் பரல்களை எடுத்துவிட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், வேலணைத் தீவில் இருந்து ஓர் அம்மா யாழ்ப்பாண நகரத்தில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையைத் தேடி வான் ஒன்றில் வந்தார். ஊர்க் கோயில் பொங்கலுக்கு ஒரு பெரிய கிடாரம் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்திருந்தார். நாங்களும் அதைத் துடைத்து, வாயில் கடதாசி கட்டி, வாசலடியிலேயே வைத்திருந்தோம். வான் கடையை மூன்று தரம் கடந்து போனதை நானே பார்த்தேன். மூன்றாம் தரம் சாரதி கையை விரித்துக் காட்டினார். நிற்பாட்ட இடம் இல்லை. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. "தம்பி, நாங்கள் திரும்பிப் போற வழியில் பண்ணைப் பாலத்துக்கு வந்திட்டம். பரவாயில்லை, கோயிலில் கிடக்கிற பழைய கிடாரத்தையே பாப்பம்" என்றார். அப்பா காலத்தில் மகளின் கலியாணத்துக்கு எங்களிடம் குத்துவிளக்கு எடுத்தவர் அவர். கோபித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த பொங்கல் வருகிறது. பெருநாள் நாட்களிலும் நகரத்தில் நிகழ்ச்சி நடக்கும் நாட்களிலும் எங்கள் கடைக்கு வருவது உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும். அதற்காக நாங்கள் என்ன மாற்றியிருக்கிறோம், ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பெரிய கடை, கஸ்தூரியார் வீதி, கன்னாதிட்டிப் பக்கத்துத் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் அளவாக அமைந்தவை. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது இந்த நகரம் முழுக்கச் சைக்கிளில் ஓடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கார் கரையோடு நிற்க ஏறக்குறைய இருபது அடி நீளம் வேண்டும். அந்த இடத்தில் பத்துச் சைக்கிளைத் தாராளமாக விடலாம். 2009இல் போர் முடிந்த பிறகு லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது, ஓட்டோ வந்தது, வான் வந்தது. தெரு மட்டும் அதே அகலத்தில் கிடக்கிறது.

சாதாரண நாளில் ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம். பொங்கல், தீபாவளி வந்தால் நடைபாதைக் கடைகள் வரும். வருடத் தொடக்கத்தில் முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி. மார்ச்சில் மத்திய கல்லூரி மைதானத்தில் 'வடக்கின் சமர்' கிரிக்கெட் மட்ச். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். நல்லூர் எங்கள் கடைக்குப் பக்கத்தில் இல்லைத்தான். ஆனால் வெளியூரில் இருந்து வருகிற சனத்தில் பலபேர் பஸ் நிலையத்தில் இறங்கி, நகரத்துக்குள்ளால்தானே போகிறார்கள்.

இந்த நிகழ்ச்சிகளை எல்லாம் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வியாபாரிகளிலும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொழுதுபடுமுன் கதவுப் பலகையைப் போட்டுவிட்டு, ஊரடங்குக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிய காலத்தில் இந்தக் கடையில் வளர்ந்தவன் நான். அப்போது தெருவில் நிற்பாட்ட இடம் நிறைய இருந்தது, நிற்பாட்டத்தான் ஆள் இல்லை. இன்றைக்குப் பொங்கலுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கும் கரும்புக்கட்டோடும் வெடிப் பெட்டியோடும் குடும்பம் குடும்பமாகச் சனம் நடக்கிறதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. எங்கள் வாசலுக்கு நேரே மண்பானை விற்பவரால் எங்களுக்கு நட்டமும் இல்லை. அவரிடம் பானை வாங்குகிறவர் எங்களிடம் வந்து அகப்பையும் தாம்பாளமும் எடுக்கிறார்.

அப்போ சிக்கல் எங்கே? அதை எனக்குப் புரியவைத்தது, வேலணை அம்மா திரும்பிப் போன அதே நாள் பின்னேரம் நடந்த ஒன்று.

ஓர் அம்புலன்ஸ் போதனா வைத்தியசாலைக்குப் போக வழி இல்லாமல் எங்கள் தெருவில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் நடைபாதைக் கடைகள். மறுபக்கம் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாக. எல்லாவற்றுக்கும் ஹாண்டில் லொக். கடைப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பின்சில்லைத் தூக்கித் தூக்கி ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்தார்கள். கரும்பு விற்றவர் தன் கட்டைச் சரித்துவிட்டு ஓடிவந்து கைகொடுத்தார். மூன்று, நான்கு நிமிடம் போயிருக்கும். உள்ளே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, பின் கண்ணாடியில் ஒரு பெண்ணின் கை ஊன்றியிருந்தது மட்டும் தெரிந்தது. இழுத்துவிட்ட மோட்டார் சைக்கிள்களைப் பிறகு எண்ணினோம். ஒன்பது. அதில் நான்கு எங்கள் கடையில் வேலைக்கு நிற்பவர்களுடையவை. ஒன்று என்னுடையது.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வேலணை அம்மாவின் வானுக்கு இடம் இல்லாமல் செய்தது திருவிழாச் சனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு வந்து இரவு வரை அசையாமல் நின்றவை எங்கள் வண்டிகள். போதாததற்கு, வாசலில் வேறு யாரும் நிற்பாட்டாமல் இருக்க இரண்டு தகரப் பரல்களையும் வைத்திருந்தோம். பக்கத்துக் கடைகளும் இப்படித்தான் செய்கின்றன, அதை நியாயமாகச் சொல்ல வரவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை என்று பிறகு வாசித்து அறிந்தேன். உலகத்தின் முதலாவது வாகனத் தரிப்பு மீற்றரை அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் 1935 ஜூலையில் நட்டார்கள். வண்டியை நிற்பாட்ட அதில் காசு போட வேண்டும், மணித்தியாலத்துக்கு ஐந்து சதம். அதை ஏற்பாடு செய்த கார்ல் மகீ ஒரு பத்திரிகைக்காரர். நகரத்தில் வேலை செய்பவர்களே காலையில் வந்து தெருவோரத்தை நாள் முழுக்கப் பிடித்துவிட, சாமான் வாங்க வந்த சனத்துக்கு இடம் இல்லாமல் போனதுதான் காரணம். 1935இல் அங்கே நடந்ததும் எங்கள் வாசலில் நடந்ததும் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டில் இருந்து பின்னேரம் ஆறு வரை பத்து மணித்தியாலம். அரை மணிக்கு ஒரு வண்டி என்று மாறினால் அந்த ஓர் இடத்தில் இருபது குடும்பம் வந்து போகலாம். ஒரே வண்டி நின்றால் ஒரு குடும்பம்தான்.

சரி, நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன். பின் ஒழுங்கையில் ஒரு வளவை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எங்கள் வண்டிகள் எல்லாம், என்னுடையது உட்பட, இனி அங்கேதான் நிற்கும். பெருநாள் காலத்தில் மட்டும் இல்லை, எல்லா நாளும். இரண்டு பரல்களையும் எடுத்துவிட்டோம். 'வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று பலகை போடச் சிலர் சொன்னார்கள், போடவில்லை. அது பொதுத் தெரு. மருந்து வாங்க வந்தவரும் முனியப்பரைக் கும்பிட வந்தவரும் அதில் நிற்பாட்டலாம். எங்கள் வாசல் என்பதால் அது எங்கள் காணி ஆகிவிடாது.

அடுத்தது தள்ளுவண்டி. கிடாரம், அண்டா, பெரிய குத்துவிளக்கு போன்ற பாரமான சாமான் எடுக்கிறவர்கள் வாகனத்தைத் தெருவுக்குள் கொண்டுவரத் தேவையில்லை. நெருக்கடி இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நிற்பாட்டிவிட்டு எங்களுக்குத் தொலைபேசி எடுங்கள். பிள்ளைகள் சாமானை அங்கேயே கொண்டுவந்து ஏற்றித் தருவார்கள். இதற்குக் காசு இல்லை. தீபாவளிக்கு முதல் கிழமை செய்து பார்த்தோம். ஒரு கிடாரம்கூட நெளியாமல் போய்ச் சேர்ந்தது.

பொங்கலுக்கு முந்திய மூன்று நாளும் காலை ஏழு மணிக்கே கடை திறப்போம். ஒன்பது மணிக்கு முதல் வந்தால் நிற்பாட்டவும் ஆறுதலாகச் சாமான் பார்க்கவும் முடியும். வயதானவர்களையும் நடக்க ஏலாதவர்களையும் கூட்டிவருகிறவர்கள் நேரே வாசலுக்கு வாருங்கள். அவர்களை இறக்கி உள்ளே இருத்திவிட்டு வாகனத்தைத் தள்ளிக் கொண்டுபோய் விடலாம், அதுவரை கதிரையும் தேத்தண்ணியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாசலில் கடை போடுகிறவர்களோடும் பேசியிருக்கிறோம். ஒரு வான் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் பந்தல் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டதற்கு அவர்களுக்கு நன்றி.

உங்களிடமும் ஒன்றிரண்டு கேட்க வேண்டும். எங்கள் வாசலில் வாகனத்தை விட்டுவிட்டுக் கண்காட்சிக்கோ மட்ச் பார்க்கவோ நாள் முழுக்கப் போய்விடாதீர்கள். சாமான் எடுக்க இருபது நிமிடம், அரை மணி போதும். இரண்டாவது வரிசையில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்பாட்டாதீர்கள். "ஐந்து நிமிடத்தில் வந்திடுவன்" என்றுதான் நாங்கள் எல்லோரும் இறங்குகிறோம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் எந்த அம்புலன்ஸ் வரும் என்று யாருக்குத் தெரியும்? நெருக்கமாக விட நேர்ந்தால் ஹாண்டில் லொக் போடாமல் விடுங்கள். களவு பயம் நியாயமானதுதான், திறப்பைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு பிள்ளை பார்த்துக்கொள்வார்.

நல்லூரில் இதைவிடப் பல மடங்கு சனம். அங்கே இவ்வளவு குழப்பம் இல்லையே, ஏன் என்று யோசித்தேன். கோயிலைச் சுற்றி வீதியை மறிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். சுற்றவர வீட்டு வளவுகளில் கயிறு கட்டி வண்டி விடுகிறார்கள். துண்டில் ஒரு பாதி ஹாண்டிலில், மறுபாதி உங்கள் சட்டைப்பையில். பிறகு நடக்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. நகரத்துக்குள் பொங்கல் காலத்தில் தெரு மூடியும் இல்லை, திறந்தும் இல்லை. எந்தத் தெரு மூடும், எங்கே விடலாம் என்று ஒரு கிழமைக்கு முன் அறிவித்தால் சனம் நடக்கும். பின்வளவு வைத்திருக்கும் கடைக்காரர்களும் அந்த நாட்களில் திறந்துவிடலாம். இதைக் கடிதமாக எழுதி மாநகர சபைக்குக் கொடுக்கப் பக்கத்துக் கடைக்காரர் சிலரோடு கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் சொல்ல ஏதும் இருந்தால் கடைக்கு வரும்போது சொல்லுங்கள், அதையும் சேர்க்கிறோம்.

வேலணை அம்மாவுக்குக் கிடாரம் இந்தமுறை மார்கழியிலேயே வீட்டுக்குப் போகிறது. நானே கொண்டுபோகிறேன். தீவுப்பகுதியில் இருந்து வேறு யாருக்காவது பெரிய பாத்திரம் வேண்டுமென்றால் மார்கழி முடிய முன் சொல்லுங்கள், அதே வானில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
கடை முதலாளியும் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளும்
யாழ்ப்பாணம்