விரலுக்கும் உச்சவரம்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு நஷ்டஈட்டைக் கூட்டவேண்டும் என்ற பேச்சு, பெரிய விபத்து நடந்தால்தான் வருகிறது. விரல் போனவர்களுக்காக யாரும் பேசுவதில்லை. கோவை கணபதியில் மோட்டாருக்கான இரும்புத் தகடுகளை மெஷினில் அழுத்தி வெட்டும் (ஸ்டாம்பிங்) பிரஸ் ஷாப்களில் 28 வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். எங்கள் பக்கம் டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கும் கையைப் பார்த்தே யார் பிரஸ்ஸில் நின்றவர் என்று சொல்லிவிடலாம்.

என் தங்கை மகனுக்கு வயது 30. ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். 20,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு 24,000 ஆனது. மைசூர்பா வாங்கி வந்தான். தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐக்கு 2017 முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 என்பதால், அந்த அரையாண்டு முடிந்ததும் பிடித்தம் நின்றுவிட்டது. மாதம் 150 ரூபாய் மிச்சம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அப்புறம் ஒரு நைட் ஷிப்ட்டில் வலது கை ஆட்காட்டி விரல் முழுதாகப் போனது. (மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னது யார் என்பது தனிக் கதை.) இஎஸ்ஐயில் இருந்திருந்தால் வீட்டிலிருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், அதாவது பழைய சம்பளத்துக்கே 18,000-க்கு மேல் வந்திருக்கும். வெளியே வந்துவிட்டதால் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி தரும் தொகைதான். அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். அதுவும் அவன் வாங்கிய 24,000-க்கு இல்லை. அதிகம் வாங்குபவர் எவ்வளவு வாங்கினாலும் 15,000-தான் கணக்கு. ஆக மாதம் 7,500. வீட்டு வாடகை போக மீதி மளிகைக்குக்கூடப் போதவில்லை. சம்பளம் ஏறியதற்குத் தண்டனையா இது?

விரலுக்கான தொகையும் அப்படித்தான். 15,000-இல் 60 சதவீதம், அதை 30 வயதுக்குச் சட்டத்தில் குறித்திருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்கி, ஆட்காட்டி விரலுக்கு 14 சதவீதம் எடுத்தால் சுமார் 2,62,000 ரூபாய். உண்மைச் சம்பளத்துக்குப் போட்டிருந்தால் 4,19,000 வந்திருக்கும்.

இந்த 15,000 வரம்பு 2020 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 2010-இலிருந்து 8,000. பத்து வருடத்துக்கு ஒருமுறை நினைவு வந்து ஏற்றுவதற்கு இது என்ன கும்பாபிஷேகமா? 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் வரம்பை மத்திய அரசு நினைத்தபோது அறிவிக்கையாகப் போடலாம் என்ற ஏற்பாடு அதிலும் தொடர்கிறது. பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டோடு தானே ஏறுகிறது. இந்த வரம்பையும் அதோடு கட்டிவிடலாம். குறைந்தபட்சம் இஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவன், இஎஸ்ஐயில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் கீழே விழாதபடி செய்யவேண்டும்.

சிறு பட்டறைக்காரர்கள் தாங்கமாட்டோம் என்பார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுக்கென்றே இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது. மெஷினுக்கு இன்சூரன்ஸ் போடும் முதலாளி, அதில் நிற்கும் ஆளுக்கும் சேர்த்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்,
கணபதி, கோயம்புத்தூர்.