அந்த ஒரு நாளைக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம். நியூயார்க்கின் குயின்ஸ் கிரிமினல் கோர்ட்டில் என் தம்பி மேல் இருந்த வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. தெரிந்தவர்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ராத்திரி வேலை முடித்து வரும் வழியில் குழந்தைக்குப் பால்பவுடர் வாங்கப் போனவன், நாமே ஸ்கேன் பண்ணும் கவுன்ட்டரில் மற்றதுக்கெல்லாம் காசு கட்டிவிட்டு, வண்டியின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு டின்னை விட்டுவிட்டான். கவனக் குறைவு என்றுதான் நான் நம்புகிறேன். வாசலில் பிடித்தார்கள், போலீஸ் வந்தது, கைரேகை எடுத்து, கோர்ட்டுக்கு வரவேண்டிய தேதி போட்ட சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம்.

நாங்கள் முதலில் காசு கொடுத்துப் போய்ப் பார்த்த வக்கீல், "சின்ன கேஸ்தான், ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். எங்களுக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்த வார இறுதியில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "கார்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். அக்கா, நீங்கள் அதைக் கேட்காமல் போயிருந்தால் தம்பி அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டிருப்பான். "எதிலும் கையெழுத்துப் போடாதே, கோர்ட்டில் உனக்குக் கிடைக்கும் இலவச வக்கீலிடம் முதலில் நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று சொல்" என்று பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்தீர்கள். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஏன் என்று எங்களுக்கு விளக்கியவர் கோர்ட்டில் தம்பிக்குக் கிடைத்த இலவச வக்கீல். அமெரிக்காவுக்கு வந்த 5 வருடத்துக்குள் செய்த திருட்டு மாதிரிக் குற்றம் ஒன்று நிரூபணமானாலோ ஒத்துக்கொண்டாலோ போதும், அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கொடுக்க வழியிருந்தால் நாடு கடத்தலாமாம். நிஜமாகவே எவ்வளவு நாள் உள்ளே இருந்தான் என்பது கணக்கே இல்லை, அபராதத்தோடு முடிந்தாலும் அதே கதிதான். நியூயார்க்கில் சில்லறைத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை அச்சு அசலாக ஒரு வருடமாக இருந்தது. 2019 ஏப்ரலில்தான் அதை 364 நாளாகக் குறைத்தார்கள். ஒரே ஒரு நாள்தான் குறைந்தது, ஆனால் அதனால் அந்த "ஒரு வருடம்" என்ற கணக்கில் சிக்காது! வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் இதை முன்பே செய்திருந்தன.

அந்த நாள் தானாகக் குறையவில்லை. இமிக்ரன்ட் டிஃபென்ஸ் ப்ராஜெக்ட் போன்ற அமைப்புகளும், தங்கள் வீட்டில் ஒருவரை ஏற்கனவே நாடு கடத்தலில் இழந்தவர்களும், மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சட்டமன்ற உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியது. உங்களில் பலருக்கு அந்தச் சட்டம் பிந்தி வந்தது. உங்கள் அண்ணனையோ கணவரையோ அது திருப்பிக் கொண்டுவரவில்லை. எங்களை நீங்கள் பார்த்ததே இல்லை, ஆனாலும் "கடைசியில் தோற்றாலும் அந்த 364 நாள் சட்டம் உன் பக்கம் இருக்கிறது" என்று வக்கீல் சொன்ன அன்று ராத்திரிதான் என் தம்பி தூங்கினான். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வக்கீல் அம்மாவுக்கு: நீங்கள் அதோடு விடவில்லை. உங்கள் ஆபீஸிலேயே இருக்கும் குடியேற்றச் சட்ட நிபுணரைக் கூட்டிவந்து உட்கார வைத்தீர்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் பாடிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அப்புறம் மூன்று வாய்தா அலைந்து, எதையும் ஒத்துக்கொள்ளாமலே 6 மாதம் ஒத்திவைத்துத் தள்ளுபடி செய்யும் ஏசிடியை வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் சொன்னபடி கோர்ட் சான்றிதழை வாங்கி பத்திரமாக வைத்திருக்கிறோம், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கைதானதை மறைக்க மாட்டோம்.

கோர்ட்டுக்குக் கூட வந்தவர்களை மறக்க முடியாது. வாசலில் ஐஸ் (நாடு கடத்த ஆளைப் பிடிக்கும் குடியேற்றத் துறை) அதிகாரிகள் நிற்பார்களோ என்ற பயத்தில் தம்பி முதல் நாள் போகவே மாட்டேன் என்றான். கோர்ட்டுக்கு வருபவரை நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் குடியேற்றக் காரணத்துக்காகப் பிடிக்கக் கூடாது என்று 2020 டிசம்பரிலிருந்து நியூயார்க்கில் சட்டம் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்து அவன் பக்கத்திலேயே நடந்தீர்கள். அதிலும் அந்த ஓய்வுபெற்ற சார், "நம்ம ஊர்ப் பழக்கத்தில் எல்லாத்துக்கும் தலையாட்டாதே தம்பி, இங்கே அதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள், புரியலைன்னா புரியலைன்னு வாயைத் திறந்து சொல்" என்றீர்களே, அதை அப்படியே செய்தான். மொழிபெயர்ப்பாளரும் அவன் புரியவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். அவருக்கும் நன்றி.

கிரிமினல் கோர்ட்டாக இருந்ததால் எங்களுக்கு இலவச வக்கீல் கிடைத்தார். குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்பதை இந்த ஒரு வருடத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த உரிமையைக் கேட்டு அடுத்த முறை ஆல்பனிக்குப் பஸ் கிளம்பும்போது எனக்கும் தம்பிக்கும் இரண்டு சீட் வையுங்கள். எல்லோருக்கும் புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.