அட்வான்ஸ் கொடுக்காதே, இரு

அன்புத் தோழிக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, உன் பிறந்தநாளையும் விட்டுவிட்டேன், நேரில் பார்க்கும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். "14 வருஷத்துக் கார், ஒரே ஓனர், பளபளவென்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறேன்" என்று நேற்று ராத்திரி அனுப்பினாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பளபளவென்று இருக்கிறதாம்! உன் சிவப்பு சைக்கிளும் பளபளவென்றுதான் இருந்தது. மேலே எழுத வேண்டாம், உனக்கே புரியும்.

நான் வாங்கிய காரைப் பற்றி உனக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதுவும் இப்படித்தான், உள்ளே நல்ல வாசனை, புது சீட் கவர், கழுவித் துடைத்த இன்ஜின். மூன்றாவது மாதம் ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றது. அப்புறம் ஹாரன் தானாக அடித்தது. ஒரு ராத்திரி, சின்னவன் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான், லாரிகள் போகிற ரோட்டில் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. அந்த இருட்டு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து பானெட்டைத் தொடக்கூட இல்லை. முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இதற்கு மேல் வராது என்று நிற்கிற வரை இழுத்தார். கடைசி ஒரு முழம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே நெசவுக்குள் சந்தனம் அரைத்துப் பூசியதுபோல மெல்லிய வண்டல். "இது வெள்ளத்தில் நின்ற வண்டிம்மா" என்றார். நான் அதே பெல்ட்டைத்தான் தினமும் மாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் போன ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்து அரித்துக்கொண்டு போகும், எது எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போனதும் நாலு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகர்கிற இரும்புத் தண்டவாளத்தில் துரு தட்டுப்படுகிறதா பார். கால்மிதியைத் தூக்கிக் கார்ப்பெட்டை முகர்ந்து பார், கூச்சப்படாதே. டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தப் பள்ளத்தையும் பார். காருக்குள் சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விற்கிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு, நான் வருகிற வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு, இன்னொரு நாள் போகலாம். சூடான இன்ஜின் பாதி நோயை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி முதல் தடவை கிளம்புகிற அந்தப் பத்து விநாடியில்தான் எல்லாம் தெரியும். பேட்டரி திணறுகிறதா, உள்ளே சங்கிலி உரசுவதுபோலக் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்குகிறதா என்று கவனி. உன் வீட்டுக்காரரைச் சைலன்சர் பக்கம் நிற்க வை. நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம், ஆனால் இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே, ஒரு தித்திப்பு வாடையோடு வந்துகொண்டிருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம், இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம், இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அது பெரிய செலவு. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி அடிப்பக்கத்தையும் பார்த்துவிடு, வெண்ணெய் மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எப்போதும் கொஞ்ச தூரமே ஓட்டுகிற வண்டியிலும் லேசாக அப்படிப் படியும், அதனால் கூலன்ட் அளவையும் சேர்த்துப் பார். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறந்துவிடாதே, முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

சாவியைத் திருப்பினதும் மீட்டரில் எல்லா விளக்கும் எரிய வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். இன்ஜின் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரியவே இல்லை என்றால் நிம்மதிப்படாதே, யாரோ அதைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.

ஏர்பேக் என்றதும் ஞாபகம் வருகிறது. டகாட்டா என்கிற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகள் வருஷக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்தால், விரியும்போது இரும்புத் துண்டுகள் தெறிக்கிற அளவுக்கு வெடிக்கலாம் என்று தெரியவந்து, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கம்பெனி 2017-இல் திவாலாகிவிட்டது, கார்கள் இன்னும் ஓடுகின்றன. உன் கார் அந்தக் காலத்து வண்டிதான். சேசிஸ் நம்பரை வாங்கி, காரைத் தயாரித்த கம்பெனியிடம் கொடுத்து, ஏர்பேக் மாற்றுவது பாக்கி இருக்கிறதா என்று கேள். அந்த நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியிலும் காகிதத்திலும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார். கடன் பாக்கி இல்லை என்பதற்கும் எழுத்தில் வாங்கு, வாயால் சொன்னது போதாது.

கிலோமீட்டர் கம்மி என்றும் எழுதியிருந்தாய். ஓடோமீட்டர் சொல்வதை நம்பாதே. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால், அது 40,000 கிலோமீட்டர் ஓடின வண்டி இல்லை. சர்வீஸ் பில்களை வருஷ வாரியாக அடுக்கிப் பார், எண்கள் ஏறிக்கொண்டே போகின்றனவா என்று. அதிலேயே டைமிங் பெல்ட் மாற்றிய பில்லையும் தேடு, இன்ஜினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கிற பெல்ட் அது. அதற்குப் பதில் செயின் போட்ட இன்ஜின் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, பெல்ட் என்றால் பல கார்களில் 1,00,000 கிலோமீட்டரை ஒட்டியோ, குறிப்பிட்ட வருஷங்கள் ஆனாலோ மாற்றியாக வேண்டும். அது ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலை பேசு.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. மேலே பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்து டயரை நம்பிக் குழந்தைகளை ஏற்றாதே.

பெயின்ட்டைப் பகலில், காய்ந்த வண்டியில் பார். மழையில் நனைந்த கார் எல்லாமே புதுசாகத்தான் தெரியும். கதவு இடுக்கு ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தாலோ, கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங்கில் பெயின்ட் துளி இருந்தாலோ, ஒரு கண்ணாடியில் மட்டும் முத்திரை வேறாக இருந்தாலோ, என்ன ஆனது என்று கேள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போ, பட்டி தடவிய இடத்தில் சரியாக ஒட்டாது. அலுமினியத் தகடு என்றால் எங்குமே ஒட்டாது, பயந்துவிடாதே.

ஓட்டிப் பார்ப்பதை உன் வீட்டுக்காரரிடம் விடாதே, நீ ஓட்டு. ரேடியோவை அணைத்துவிடு. விற்கிறவர் பேசிக்கொண்டே வந்தால் கொஞ்சம் பேசாமல் வரச் சொல், அதில் தப்பே இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகச் சுற்று, டிக் டிக்கென்று சத்தம் வந்தால் சக்கரத்துக்குப் போகிற ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்து, இன்ஜின் மட்டும் அலறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. பின்னால் யாரும் இல்லாத நேராக இருக்கிற ரோட்டில் நன்றாக பிரேக் போட்டு, எந்தப் பக்கமாவது இழுக்கிறதா பார். திரும்பி வந்து கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பு.

இவ்வளவும் பார்த்து உனக்குப் பிடித்துப்போனாலும், பணத்தை எடுப்பதற்கு முன் விற்கிறவருக்குப் பழக்கம் இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல். அதற்கு அவர் சம்மதிக்கவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். இன்னொருத்தர் கேட்டிருக்கிறார், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள், நான் பயந்துபோய்க் கொடுத்தேன். அந்த இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு போகட்டும், விடு.

சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் முழித்திருப்பேன். போன இடத்தில் பெல்ட்டை இழுத்து, அந்தக் கடைசி முழத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதே.

உன்,
பின் பெஞ்சுக்காரி