ராத்திரியில் வந்து சாம்பிள் எடுங்கள்

தென்பெண்ணைத் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தில் கொத்தமல்லியும் புதினாவும் போடுகிறவன் நான். அதற்கு முன்னால் வெளியூரில் ஒரு காகிதக்கூழ் ஆலையில், கழிவுநீர் லேபில் வேலை பார்த்தேன். ஆலையின் பெயர் இப்போது வேண்டாம். அணையில் நுரை பொங்கி, டிவிக்காரர்கள் வந்து, அப்புறம் நீங்கள் ஜீப்பில் வந்து நாலு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய வேலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அங்கே ஆய்வுக்கு ஆள் வருகிறது என்றால் முந்தின நாளே தெரிந்துவிடும். கூழ் வேகவைத்தபின் மிஞ்சும் கறுப்புச் சாறு இருக்கிறதே, மரத்தின் நாரை ஒட்டவைக்கும் லிக்னினும் காஸ்டிக் சோடாவும் கலந்தது, அதைக் காய்ச்சி எரித்து சோடாவைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுக்கவும் செய்வார்கள். ஆனால் பம்பு கசிந்து, தொட்டி வழிந்து வடிகாலில் விழுவதும் ஒரு பக்கம் நடக்கும், ஆய்வு நாளில் மட்டும் அது நின்றுவிடும். போதாததற்கு கடைசித் தொட்டியில் போர் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதானே கணக்கு? நல்ல தண்ணீரை ஊற்ற ஊற்ற எண் இறங்கும், ஆற்றுக்குப் போகிற அழுக்கு ஒரு கிராம்கூடக் குறையாது. அதனால்தான் கேட்கிறேன், எந்த ஆலையானாலும் வெளியேறும் தண்ணீரின் அளவையும் சேர்த்து அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.

இன்னொன்று, பி.ஓ.டி.யை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 27 டிகிரியில் 3 நாள் வைத்து, கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜன் தின்றன என்று பார்க்கும் சோதனை அது. லிக்னினைக் கிருமிகள் லேசில் தொடாது, அதனால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஓடும் தண்ணீர்கூட பி.ஓ.டி. 30-க்குள் பாஸாகிவிடும். கிருமிக்குப் பதில் ரசாயனத்தைப் போட்டு அழுக்கை எரித்துப் பார்க்கும் சி.ஓ.டி. சோதனை போட்டால்தான் மாட்டும், அதற்குப் பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்களிடம் சொல்லும்போது ஏன் ஒரு எண்ணோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்?

2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காகிதக்கூழ் உட்பட 17 வகை ஆலைகளை ஆன்லைன் சென்சார் வைக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் சென்சார் ஆலைக்குள்ளேயே இருக்கிறது, அதைத் துடைக்கிறவரும் ஆலைக்காரர்தான்.

சரி, நம் ஆற்றுக்கு வருவோம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது, கெலவரப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் போகிறது. சோப்புத் தண்ணீர் ஷட்டரில் விழுந்து அடிபடும்போது நுரை மலைபோல எழும்புவது ஒரு விதத்தில் நமக்கு உதவிதான், கண்ணுக்குத் தெரிகிறது. உப்பும் உலோகமும் நுரைக்காது. நுரை இல்லாத நாளில் யாரும் பாட்டிலோடு வருவதுமில்லை. மழை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், அதுவும் ராத்திரியில், வருகிற தண்ணீரின் வாடை எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்து சாம்பிள் உங்களிடம் இருக்கிறதா?

ஒரு முறை ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "பாசனத்துக்கு உகந்த தண்ணீர்தான்" என்றார்கள். அப்புறம் அந்த வகைப்பாட்டைத் தேடிப் படித்தேன். பாசன நீருக்கு மத்திய வாரியம் பார்ப்பது அமில காரத் தன்மை, உப்பு, சோடியம், போரான், அவ்வளவுதான். அதில் பி.ஓ.டி. கிடையாது, சி.ஓ.டி. கிடையாது, காரீயம் கிடையாது. குளிக்கிற தண்ணீருக்கோ பி.ஓ.டி. 3-க்குள் வேண்டுமாம். நாங்கள் அந்த வாய்க்காலில் இறங்கி நின்றுதான் மடை திருப்புகிறோம், முழங்கால் வரைக்கும் குளிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாமா? பச்சையாகவே தின்னும் கீரைக்கும், வேகவைத்துத் தின்னும் ராகிக்கும் ஒரே சான்றிதழ் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஷட்டர் பக்கத்தில் ஒரு கறும்பலகை வையுங்கள். கொடியாளத்தில் இன்றைக்கு என்ன, அணையில் என்ன, சி.ஓ.டி., கரைந்த ஆக்சிஜன், உப்பு, தேதி, எடுத்த நேரம். தமிழில், சாக்பீஸில் போதும். கர்நாடகத்தோடு பேச வேண்டியது தனிக் கதை, அதற்கும் தேதியும் நேரமும் போட்ட எண்தான் கையில் வேண்டும்.

அடுத்த மழைக்கு ராத்திரியில் வாருங்கள். மதகுப் பக்கம் சேறு வழுக்கும், டார்ச் நான் கொண்டுவருகிறேன். சாம்பிளை ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றுக்கு சீல் வைத்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
கெலவரப்பள்ளி ஆயக்கட்டு விவசாயி ஒருவன்