மாவோரிப் பெண்களும் மார்பகப் பரிசோதனையும்: தோழிக்கு ஒரு கடிதம்

ஹாமில்டன், நியூசிலாந்து

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. பரிசோதனையை இலவசமாகச் செய்யும் நாட்டில், இம்மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் மட்டும் மார்பகப் புற்றுநோயால் ஏன் அதிகம் இறக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஒரு தொண்டு அமைப்புக்காக அந்தப் பெண்களைக் காரில் பரிசோதனைக்கு அழைத்துப் போய்வருகிறவள் என்பதால் அந்தக் கேள்வி எனக்கும் பழகியதுதான்.

இங்குள்ள தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் 1998 டிசம்பரில் தொடங்கியது. முதலில் 50 முதல் 64 வயது வரையிலான பெண்களுக்கு இருந்த வாய்ப்பு, 2004 முதல் 45 முதல் 69 வயது வரை விரிவடைந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். தகுதியுள்ளவர்களில் 70 சதவீதத்தினராவது வரவேண்டும் என்பது இலக்கு. மாவோரிப் பெண்களைப் பொறுத்தவரை நாடு தழுவிய அளவில் அந்த இலக்கு எட்டப்பட்டதில்லை. இத்தனைக்கும் இந்நோய் அவர்களுக்கு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. இறப்பு விகிதமோ அதைவிடவும் கூடுதலான இடைவெளியில் நிற்கிறது.

இதைக் கேட்டதும் பலர் பரம்பரை, உடல்வாகு என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை அடக்கியது எங்கள் வைக்காட்டோ வட்டாரத்தில் நடந்த ஆய்வு. இலங்கையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் சஞ்சீவ செனவிரத்ன, இங்குள்ள மருத்துவர்களுடன் சேர்ந்து, வட்டாரத்தின் மார்பகப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு பல ஆண்டுகளின் நோயாளிகளை ஆராய்ந்தார். மேமோகிராமில் கண்டறியப்பட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மாவோரிப் பெண்களும் ஐரோப்பிய வழிவந்த பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்திருக்கிறார்கள். கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு மருத்துவரிடம் போனவர்களிடம்தான் வித்தியாசம் பெரிதாகிறது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவதே முக்கியக் காரணம். கட்டியின் தன்மைக்கு அதில் பங்கு சிறிதுதான். வறுமையும் பிற நோய்களும் சிகிச்சைக் குறைபாடும் மிச்சத்தைச் சேர்க்கின்றன. இதே குழுவின் வேறு ஆய்வுகளில், கீமோவும் கதிர்வீச்சும் தொடங்குவதற்கு மாவோரிப் பெண்கள் அதிக நாள் காத்திருந்ததும் தெரிந்தது. ஆகவே படம் எடுத்ததோடு கதை முடிவதில்லை, மீனாட்சி. இதை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் வருவதில்லை என்பதற்கு, சோம்பல் என்றும் அறியாமை என்றும் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. வறுமைதான் காரணம் என்பதும் அரைப் பதில்தான்; ஏழ்மையில் அதிகம் வேறுபடாத பசிபிக் தீவுப் பெண்கள் கோவிட்டுக்கு முன்பு 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆக்லாந்து நகரில் நெருங்கி வாழ்கிறார்கள். மாவோரிப் பெண்களில் பலர் நார்த்லாந்திலும் கிழக்குக் கடற்கரையிலும் சிதறி இருக்கிறார்கள். அங்கெல்லாம் பரிசோதனை வாகனம் வருவது எப்போதோ ஒருமுறை. அந்த நாளில் வேலைக்குப் போனாலோ, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ வாய்ப்பு நழுவிவிடும். மேலும், மிக அண்மைக் காலம் வரை பெண்ணே முன்வந்து பதிந்துகொள்ள வேண்டியிருந்தது, அல்லது குடும்ப மருத்துவர் பதிந்துவிட வேண்டியிருந்தது. மருத்துவரிடம் போகவே காசில்லாதவள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள். தகுதியுள்ள பெண்களைத் திட்டமே கண்டறிந்து அழைக்கும் புதிய பதிவேடு இப்போதுதான் நடைமுறைக்கு வருகிறது. பெயர் பட்டியலில் இருந்தும் வராதவர்கள் உண்டு. ஒரு முறை மருத்துவமனையில் தன்னிடம் யாரோ முகம் சுளித்துப் பேசியதைப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்காத அம்மாள் ஒருவர், மராய் எனப்படும் தங்கள் சமூகக் கூடத்தின் முற்றத்துக்கே வாகனம் வந்து, தெரிந்த பெண் ஒருத்தி கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் வந்து நின்றார்.

எனக்கு நெருடலாக இருப்பது வயது வரம்பு. இப்போது 70 முதல் 74 வயது வரையுள்ளவர்களையும் படிப்படியாகச் சேர்க்கிறார்கள். எனக்கு லாபம், எனக்கு விரைவில் 70 நிறையும். ஆனால் மாவோரிப் பெண்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடப் பல ஆண்டு குறைவு. நோயும் அவர்களுக்குச் சற்று இளவயதிலேயே வருகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரியாக மேல்வரம்பை உயர்த்தினால், அதிகம் பயன்பெறுவது என்னைப் போல நீண்ட நாள் வாழ வாய்ப்புள்ளவர்கள்தான். கீழ்வரம்பை மாவோரிப் பெண்களுக்கு 40 ஆக்குவதற்கு முன்னுரிமை தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி தெளிவாகத் தெரியாது என்ற மருத்துவர்களின் மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஆனாலும் 45க்கு முன்பே நோயுற்ற பெண்களைக் கண்ட பிறகு அந்த மறுப்பு எனக்குப் போதவில்லை.

கிராமச் சுகாதாரச் செவிலியராக வீடுவீடாகப் போனவள் நீ. முகாமுக்கு வர மறுத்தவர்களை வரவழைக்க நீ என்ன செய்தாய், எது பலிக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுது. அடுத்த மாதம் எங்கள் ஓட்டுநர் குழு கூடும்போது அதைப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
சரோஜா