கில்லுவா வெளியே நின்றான், ஹாக்ஐ உள்ளே வந்தாள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"பிரதர்ஹுட் நல்ல தொடர்தான் அக்கா, ஆனால் ஹன்டர் ஹன்டர் பக்கத்தில் வைத்தால் அது சின்னப் பிள்ளைகள் கதை" என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்லிக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது, அதனால்தான் இந்தக் கடிதம். இந்த இரண்டு ஜப்பானிய அனிமே தொடர்களையும் நீ முழுசாகப் பார்த்தவன், நானும் பார்த்தவள். கதையை மூடி மறைத்துப் பேச வேண்டியதில்லை. வேறு யாராவது இதைப் படித்தால், இரண்டு தொடர்களின் முடிவும் இதில் வந்துவிடும், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

என் கட்சி ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உன் கட்சியின் பலத்தை நான் குறைத்து எடை போடவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

ஹன்டர் ஹன்டரில் மனிதர்களைத் தின்னும் சிமேரா எறும்புகள் பகுதி 76ஆம் எபிசோடில் தொடங்கி 136 வரை ஓடுகிறது. 61 எபிசோட். ஷோனென், அதாவது சிறுவர்களுக்கான அனிமே என்ற வகையில் அதற்கு இணையான ஒரு நீண்ட பகுதியை நான் பார்த்ததில்லை. எறும்புகளின் அரசன் மெருயெம் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கிறான், மனிதர்களைத் தின்கிறான், பொழுதுபோகாமல் நாட்டின் ஆட்டச் சாம்பியன்களை அழைத்துவந்து ஷோகி, கோ என்று வரிசையாகத் தோற்கடிக்கிறான். குங்கி என்ற ஆட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவள் கொமுகி. கண் தெரியாது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். அவளை நிலைகுலைய வைக்க ஒரு பந்தயம் கட்டுகிறான்: நான் வென்றால் உன் இடது கை எனக்கு, நீ வென்றால் கேட்டதைத் தருகிறேன். அவளோ, கைக்குப் பதில் உயிரை வைக்கலாமா என்று கேட்கிறாள். ஆட்டத்தில் தோற்கும் நாளில் செத்துவிடுவது என்று அவள் எப்போதோ முடிவுசெய்துவிட்டாள். அந்தப் பதிலைக் கேட்டதும் அவன் தன் இடது கையைத் தானே பிய்த்தெறிகிறான். உலகத்தையே விழுங்க வந்தவன் ஒரு பலகைக்கு முன்னால் வெட்கப்படுகிற இடம் அது.

அதன் பிறகு, அவனோடு மோதும் ஹன்டர்களின் தலைவர், கிழவர் நெட்டேரோ தன் நெஞ்சுக்குள் வைத்திருந்த 'ஏழையின் ரோஜா' வெடிக்கிறது. மலிவாகச் செய்யக்கூடிய, நாடுகள் கைவிட மறுக்கிற குண்டு. மனிதனின் தீமைக்கு அடியே கிடையாது என்று கிழவர் சொல்லிவிட்டுத்தான் சாகிறார். அந்த விஷம் ஏறிய உடம்போடு மெருயெம் கொமுகியிடம் போய்ச் சேர்ந்து, கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டே, "கொமுகி, இருக்கிறாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறானே, அந்த 135ஆம் எபிசோடை நான் இன்றைக்குப் போட்டாலும் அழுவேன். இதற்கு நிகரான ஒன்று பிரதர்ஹுட்டில் இருக்கிறது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

போகட்டும், பிரதர்ஹுட்டின் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். தொடக்கம் அவசரம். 2003இல் வந்த முதல் அனிமே, மூலக்கதையான மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) முந்திக்கொண்டு போய்த் தனக்கென ஒரு முடிவை அமைத்துக்கொண்டது. அதே போன்ஸ் ஸ்டூடியோ 2009இல் மங்காவின் வழியே மறுபடி தொடங்கியபோது, ஏற்கெனவே சொன்ன கதைதானே என்று ஓட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய தொடரில் ராணுவ அதிகாரி ஹியூஸ் இறப்பது 25ஆம் எபிசோடில். புதியதில் 10ஆம் எபிசோடிலேயே. அந்த மனிதரோடு பழகுவதற்குள் அடக்கம் செய்துவிடுகிறார்கள். ஆனாலும் வானம் வெளுத்துக் கிடக்கும்போது அவர் நண்பன், நெருப்பு ரசவாதி மஸ்டாங் "மழை பெய்கிறது" என்று சொல்லித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளும் இடம் நெஞ்சை அறுக்கத்தான் செய்கிறது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இரண்டு கதைகளும் ஒரே விதியின் மேல் நிற்கின்றன என்பதை நீ கவனித்தாயா? எதையும் இலவசமாகப் பெற முடியாது. எல்ரிக் சகோதரர்களின் ரசவாதத்தில் அதற்குப் பெயர் சம பரிமாற்றம். இறந்த அம்மாவைத் திருப்பிக் கொண்டுவர முயன்று அண்ணன் எட் இடது காலை இழக்கிறான், ஆல் முழு உடம்பையும் இழக்கிறான், தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தோடு கட்டிவைக்க எட் வலது கையையும் கொடுக்கிறான். ஹன்டர் ஹன்டரை எழுதிய தொகாஷியின் 'நென்' என்ற சக்தியில் அதே விதி சபதமாகவும் கட்டுப்பாடாகவும் வருகிறது. குராபிகா தன் 'செயின் ஜெயில்' என்ற சங்கிலியை, எதிரிகளான சிலந்திக் கும்பலுக்கு வெளியே ஒருவர் மேல் பயன்படுத்தினால் அவன் உயிர் போகும், அதனால்தான் அந்தச் சங்கிலிக்கு அவ்வளவு வலு. கடன் பெரிதானால் சக்தியும் பெரிது. அப்படியானால் இரண்டு கதைகளையும் எடைபோட வேண்டிய தராசு இதுதான்: கடைசியில் கடனைக் கட்டியது எது?

நண்பனைக் கொன்றவனை எதிரே நிறுத்தி, பழிவாங்கும் சக்தியையும் கையில் கொடுத்தால் மனிதன் என்ன ஆவான் என்ற கேள்வி இரண்டிலும் வருகிறது. ஒரு பக்கம் ஹன்டர் ஹன்டரின் நாயகன், சிறுவன் கோன்; அவன் வழிகாட்டி கைட்; கைட்டைக் கொன்ற எறும்பு பிட்டோ. இன்னொரு பக்கம் மஸ்டாங்; அவன் நண்பன் ஹியூஸ்; ஹியூஸைக் கொன்ற, உருமாறும் என்வி.

கோன் என்ன ஆனான் என்பது உனக்கு மனப்பாடம். கைட் எப்போதோ செத்துவிட்டான் என்று பிட்டோ சொன்ன நொடியில், தன் எதிர்காலம் மொத்தத்தையும் அடமானம் வைத்து ஒரே நாளில் வளர்ந்த மனிதனாகிறான். 131ஆம் எபிசோடு. பிட்டோவின் தலையை அடித்து நொறுக்குகிறான். செத்த உடம்பு எழுந்து அவன் வலது கையை வெட்டுகிறது. வலிக்கவில்லை என்கிறான், கைட்டின் நிலைமைக்குத் தானும் வந்துவிட்டதில் கொஞ்சம் சந்தோஷம் என்கிறான். இது சாதாரண எழுத்து இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இதற்கு முன்னாலேயே, கொமுகிக்குப் பிட்டோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது, உனக்கென்ன, உனக்கு இதில் சம்பந்தமில்லை என்ற மாதிரி உயிர்நண்பன் கில்லுவாவிடம் சொல்லிவிடுகிறான் கோன். கில்லுவாவின் முகம் அப்படியே உடைந்துபோகிறது. அதற்குப் பிறகு கோனின் கையைப் பிடிக்க யாரும் இல்லை. கில்லுவா வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கிறது.

மஸ்டாங்குக்கு வா. 53, 54ஆம் எபிசோடுகள். ஹியூஸைக் கொன்றது தான்தான், அதுவும் அவர் மனைவியின் முகத்தை மாட்டிக்கொண்டு கொன்றேன் என்று என்வி சிரித்துக்கொண்டு சொல்கிறான். மஸ்டாங் முதலில் நாக்கை எரிக்கிறான், பிறகு கண்களை. திரும்பத் திரும்ப எரிக்கிறான். நாம் நேசித்த மனிதன் பார்க்கச் சகிக்காதவனாகிறான். கோனின் இருட்டுக்கு ஒரு மாத்துக்கூடக் குறையாத இருட்டு இது. சின்னப் பிள்ளைகள் கதை என்று நீ சொன்னபோது இந்தக் கண்களை மறந்துவிட்டாய்.

இங்கேதான் மஸ்டாங்கின் உதவி அதிகாரி ரீசா ஹாக்ஐ உள்ளே வருகிறாள். மஸ்டாங்கின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியை உயர்த்துகிறாள். திடீரென்று வந்த துப்பாக்கி இல்லை அது. அவர்கள் இருவரும் சண்டையிட்ட, இஷ்வால் மக்களைக் கொன்றழித்த போருக்குப் பிறகு மஸ்டாங்கே அவளிடம் ஒப்படைத்தது: நான் வழி தவறினால் என்னைப் பின்னாலிருந்து சுட்டுவிடு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. 30ஆம் எபிசோடில் போட்ட ஒப்பந்தம் 54இல் நிறைவேற வருகிறது. "என்னைச் சுட்ட பிறகு நீ என்ன செய்வாய்?" என்று கேட்கிறான். தனியாக வாழும் எண்ணம் இல்லை, இந்தப் போர் முடிந்ததும் நெருப்பு ரசவாதத்தின் ரகசியத்தோடு தன் உடம்பையும் இல்லாமல் செய்துவிடுவேன் என்கிறாள். எட் தடுக்கிறான். இஷ்வால்காரன் ஸ்கார் பேசுகிறான். பழிக்காகவே வாழ்ந்த ஸ்கார்! வெறுப்பில் வெந்தவன் ஆளப்போகும் நாடு எப்படி இருக்கும் என்று கேட்கும் தகுதி அந்த அறையில் அவனுக்குத்தான் அதிகம். மஸ்டாங் விரலைச் சொடுக்கி நெருப்பைச் சுவர்ப் பக்கம் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

தம்பி, ஒருவன் வெறியில் அழிந்துபோவதை எழுதுவது கஷ்டம். ஆனால் அவனைத் தடுத்து நிறுத்துவதை நாம் நம்பும்படி எழுதுவது அதைவிடக் கஷ்டம். பிரசங்கமாகப் போய்விடும், அல்லது நட்பின் சக்தி என்று ஒரு பாட்டைப் போட்டுச் சமாளிப்பார்கள். பிரதர்ஹுட்டின் மங்காவை எழுதிய அரக்கவா அந்த இரண்டையும் செய்யவில்லை. நிறுத்துகிற ஒவ்வொருவர் கையிலும் இரத்தம் இருக்கிறது. ஹாக்ஐ இஷ்வாலில் சுட்டவள். ஸ்கார், எட்டின் தோழி வின்றியின் அப்பா அம்மாவைக் கொன்றவன், அதுவும் அவனுக்கு வைத்தியம் பார்த்த கையோடு. 22ஆம் எபிசோடில் வின்றி அவனை நோக்கித் துப்பாக்கி பிடித்தும் சுட முடியாமல் நிற்கிறாள். பின்னால் பிரிக்ஸ் மலைப்பக்கம் அவன் காயத்துக்குக் கட்டுப்போடும்போது, மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கட்டுகிறாள். இதையா வெள்ளந்திக் கதை என்கிறாய்?

சரி, கோனின் கடன் என்ன ஆனது? அங்கேதான் எனக்கு ஹன்டர் ஹன்டர் மேல் கோபம். பட்டுப்போன மரம் மாதிரி மருத்துவமனையில் கிடக்கிறான். நென் வைத்தியர்களாலும் முடியவில்லை. கில்லுவா தன் தங்கை அலுக்காவை அழைத்து வருகிறான், அவளுக்குள் இருந்து கேட்டதைத் தரும் நானிகா கையை வைக்கிறாள், கோன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். கில்லுவா கேட்டால் நானிகா விலை கேட்பதில்லை. எதுவும் இலவசமில்லை என்று நூறு எபிசோடுகளுக்கு மேல் சொல்லிக்கொடுத்த கதை, அதன் மிகப் பெரிய கடனை இலவசமாகத் தள்ளுபடி செய்கிறது. அலுக்காவுக்கும் கில்லுவாவுக்கும் இடையே இருக்கும் பாசம் அழகு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கோன் உடைத்த அந்த நட்புக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? உலக மரத்தடியில் இரண்டு பேரும் சிரித்துப் பேசிப் பிரிந்துவிடுகிறார்கள். மங்காவில் பிறகு கோன் நென்னைப் பயன்படுத்த முடியாமல் போகிறான் என்று நீ சொல்வாய், தெரியும். நாம் பேசுவது 148 எபிசோடில் முடிந்த அனிமேயைப் பற்றி. அது மரத்தின் உச்சியில் அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்துவைத்து மங்களமாக முடிகிறது.

எட் கட்டிய விலையைப் பார். தம்பியைத் திரும்பப் பெற, ரசவாத சக்திக்கு ஊற்றான தன்னுடைய சத்திய வாசலையே கொடுத்துவிடுகிறான். அவனை அவனாக்கிய ரசவாதம் போயிற்று. அப்பா ஹோஹன்ஹைம் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், மனித உயிர்களால் ஆன தத்துவக் கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இரண்டையும் மறுத்துவிட்டு இதைச் செய்கிறான். வலது கை ஆலின் தியாகத்தால் திரும்பி வந்தது. இடது கால் கடைசி வரை ஆட்டோமெயில் என்ற இயந்திரக் கால்தான்.

மஸ்டாங்கின் கண்ணை வைத்து நீ என்னை மடக்கப் பார்ப்பாய். சத்திய வாசல் பறித்த பார்வையைக் கடைசி எபிசோடில் மருத்துவர் மார்கோவின் தத்துவக் கல்லால் திரும்பத் தருகிறார்களே, அது தள்ளுபடி இல்லையா? எனக்கும் அது உறுத்துகிறது. அவன் குருடனாகவே இருந்திருந்தால் முடிவு இன்னும் பலமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கல் இஷ்வால் மக்களின் உயிரால் ஆனது என்பதைக் கதை மறைக்கவில்லை. அந்த மக்களுக்கு அவர்கள் மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் வேலையோடு சேர்த்துத்தான் அவன் அதை வாங்கிக்கொள்கிறான். யார் கொடுத்த விலை என்பதாவது நமக்குத் தெரிகிறது. நானிகா விஷயத்தில் அதுவும் கிடையாது.

இன்னொன்று, ஒரு பெண்ணாக எனக்கு முக்கியமானது. ஹாக்ஐ, இஸுமி, வின்றி, ஒலிவியர் ஆம்ஸ்ட்ராங், லான் ஃபான் என்று பிரதர்ஹுட்டில் ஒவ்வொருத்திக்கும் தொழில் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, கதையைத் திருப்பும் முடிவுகள் இருக்கின்றன. ஒலிவியரைப் பார்த்த பிறகு, ஹன்டர் ஹன்டரில் பாம் என்ற பெண்ணை ஆரம்பத்தில் கேலிப்பொருளாக்கிய எபிசோடுகளைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. கொமுகி என்ற ஒரு மகத்தான பெண் இதை ஈடுகட்டிவிடுவதில்லை.

தொகாஷியின் முதுகுவலியையும் இடைவெளிகளையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உட்கார முடியாத வலியோடு வரைகிற மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது, 1998இல் தொடங்கிய மங்கா இன்னும் முடியவில்லை என்பது கதையின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதுமில்லை. ஆனால் அரக்கவாவை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, மாட்டுக்கொட்டகையில் வேலைபார்த்து வளர்ந்தவர். 2001 ஆகஸ்ட் இதழிலிருந்து 2010 ஜூலை இதழ் வரை, ஒன்பது வருடத்துக்கு 108 அத்தியாயம். மாதம் தவறவில்லை. உழைக்காமல் எதுவும் வராது என்பதை அவர் எட்டின் வாயில் வைத்தபோது, அது அவர் கையிலிருந்தே வந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஹன்டர் ஹன்டரின் உச்சி உயரம். அந்த உச்சியில் பிரதர்ஹுட் ஏறவில்லை. ஆனால் முழுத் தொடராக, முதல் எபிசோடில் கேட்ட கேள்விக்குக் கடைசி எபிசோடில் பதில் சொல்லும் கதையாக, பிரதர்ஹுட்தான் மேல்.

நீ ஒரு காரியம் செய். 131ஐயும் 54ஐயும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார், எதை முதலில் வேண்டுமானாலும் போடு. பிறகு எனக்கு எழுது. மெருயெமைப் பற்றி வேண்டாம், அதில் நமக்குள் சண்டையே இல்லை. நானிகா ஏன் விலை கேட்கவில்லை என்பதற்கு, கதைக்குள்ளிருந்தே ஒரு நியாயம் சொல். அது என்னை நம்பவைத்தால் இந்தக் கடிதத்தை மாற்றி எழுத நான் தயார்.

அன்புடன்,
அக்கா